நர்சிங் படிக்க நினைப்பவர்களுக்கு: விண்ணப்பத்திலிருந்து முதல் நைட் டூட்டி வரை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். சொந்தக்காரர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள், எப்போதோ என் வார்டில் படுத்திருந்தவர்களின் வீட்டார். "பாப்பா நர்சிங் படிக்கணும்னு சொல்றா சிஸ்டர், எதுல சேர்க்கலாம்?" இருபது வருடமாக வார்டில் நிற்கிறவள் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். ஃபோனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்பவர்கள் எல்லாரும் படிப்பின் பெயரையும் ஃபீஸையும்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அந்தக் காலேஜ் பிள்ளைகள் டிரெயினிங்குக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? அங்கே வார்டு நிறைய நோயாளிகள் இருக்கிறார்களா?" நர்சிங் நோயாளியின் பக்கத்தில் நின்று கற்கிற வேலை. கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பெட் காலியாகக் கிடக்கிற ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் சுற்றிய பிள்ளைக்கு முதல் வேலை நாளில் கை நடுங்கும். நான் இங்கே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு நாள்

தெரிந்தவர் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால், துணைக்கு ஒரு நாள் இரவும் பகலும் இருந்து பாருங்கள். நர்ஸ் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். ஊசி போடுவது அதில் கொஞ்ச நேரம்தான். வாந்தியைத் துடைக்க வேண்டியிருக்கும், பெட் பேன் வைக்க வேண்டியிருக்கும், கோபத்தில் கத்துகிற மகனைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், ஒரே கேஸ் ஷீட்டில் பத்துத் தடவை எழுத வேண்டியிருக்கும். ரத்தத்தைப் பார்த்துத் தலை சுற்றினால் பயப்பட வேண்டாம், அது இரண்டு மாதத்தில் பழகிவிடும். ஆனால் அடுத்தவர் உடம்பைத் தொடுவதே அருவருப்பாக இருக்கிறது என்றால், அதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். வேறு நல்ல படிப்புகள் இருக்கின்றன.

எந்தப் படிப்பு

மூன்று வாசல்கள் இருக்கின்றன.

ஏ.என்.எம் (துணை நர்ஸ், பிரசவத் தாதி படிப்பு) இரண்டு வருடம், பெண்களுக்கு மட்டும். பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம். துணை சுகாதார நிலையங்களில் கிராம சுகாதார செவிலியர் ஆவதற்கான வழி இது. ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலைப்பகுதி என்றால் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. கர்ப்பிணிகளைப் பதிவது, தடுப்பூசி, வீடு வீடாகப் போவது என்று வேலை முழுவதும் ஊருக்குள்தான். ஊரோடு பழகுவதில் விருப்பம் உள்ளவர்களுக்கு இது அருமையான வேலை. பெரிய ஆஸ்பத்திரி, ஐ.சி.யு, வெளிநாடு என்று கனவு இருந்தால் இந்த வாசல் போதாது.

ஜி.என்.எம் (பொது நர்சிங், பிரசவத் தாதி படிப்பு) மூன்று வருட டிப்ளமோ. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி பிளஸ் டூவில் 40 சதவீதம் வேண்டும், ஆங்கிலத்தில் தேறியிருக்க வேண்டும். அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை, மற்றவர்களும் சேரலாம்.

பி.எஸ்சி நர்சிங் நான்கு வருடம், எட்டு செமஸ்டர். இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் இருக்கலாம். இந்தப் பாடங்களில் சேர்த்து 45 சதவீதம் வேண்டும், எஸ்.சி, எஸ்.டி பிள்ளைகளுக்கு 40. ஆங்கிலத்தில் தேறியிருக்க வேண்டும். சேரும் ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். இந்தியாவில் நர்சிங்குக்குப் பட்டப் படிப்பு 1946இல் இரண்டே இடங்களில் தொடங்கியது: ஒன்று டெல்லி, இன்னொன்று நம் வேலூர் சி.எம்.சி.

வீட்டில் நான்கு வருடம் தாங்கும் என்றால் பி.எஸ்சிக்கே போங்கள். வார்டில் ஜி.என்.எம் படித்தவருக்கும் பி.எஸ்சி படித்தவருக்கும் வேலையில் வித்தியாசம் இருக்காது. எனக்கு வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றக் கையில் போடுகிற ஊசிக்குழாய்) போடக் கற்றுக்கொடுத்த அக்கா ஜி.என்.எம்தான், அவர் கையைப்போல ஒரு கையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் மேலே படிக்கவும், டீச்சிங் போகவும், வெளிநாட்டு விண்ணப்பத்துக்கும் பட்டம் வழியைச் சுருக்கிக் கொடுக்கும். ஜி.என்.எம் முடித்துவிட்டு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி படித்தும் அதே இடத்துக்கு வரலாம், வருடம்தான் கூடும். பி.எஸ்சிக்கு அப்புறம் ஒரு வருட அனுபவத்தோடு எம்.எஸ்சி இரண்டு வருடம். படிப்பித்தல் வேண்டாம், நோயாளி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்குத் தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இரண்டு வருடம் இருக்கிறது. ஒரு வருட சிறப்பு டிப்ளமோக்களும் உண்டு.

பையன்கள் தயங்க வேண்டாம். இடங்கள் குறைவுதான், ஆனால் ஐ.சி.யு, டயாலிசிஸ், அவசரப் பிரிவு, ஆபரேஷன் தியேட்டர் எல்லாவற்றிலும் இன்று பிரதர்கள் (ஆண் நர்ஸ்கள்) இருக்கிறார்கள். ஆண் நோயாளிக்கு யூரின் ட்யூப் போடும்போது "பிரதர் இருக்காரா?" என்று கூச்சத்தோடு கேட்கிற பெரியவர்களை நான் வாரம்தோறும் பார்க்கிறேன்.

காலேஜை எப்படிப் பார்ப்பது

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் வாசியுங்கள். பணம் போவதும் வருடம் போவதும் இங்கேதான்.

முதலில் அங்கீகாரம். தமிழ்நாட்டில் பி.எஸ்சி என்றால் சென்னை கிண்டியில் இருக்கிற டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு வேண்டும், இல்லை என்றால் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். கூடவே தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலின் பட்டியலிலும் இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலும் பெயர் இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். காலேஜ் ஆபீஸில் காட்டுகிற ஜெராக்ஸை நம்பி முடிவெடுக்காதீர்கள். போன வருடம் பட்டியலில் இருந்தது என்பதும் போதாது, இந்த வருடத்துக்கு எத்தனை இடம் என்று பாருங்கள். "ஆறு மாத நர்சிங்", "ஒரு வருட நர்சிங்" என்று போஸ்டர் ஒட்டுகிற இடங்களில் படித்தால் பதிவு பெற்ற நர்ஸ் ஆகவே முடியாது. இது தெரியாமல் ஏமாந்த பிள்ளைகள் பத்து வருடம் கழித்தும் உதவியாளர் சம்பளத்தில் நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அடுத்தது ஆஸ்பத்திரி. காலேஜுக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, இல்லை பேருந்தில் அழைத்துப் போகிறார்களா? அந்த ஆஸ்பத்திரிக்கு நேரில் போய்ப் பாருங்கள். காலை பத்து மணிக்கு ஓ.பி சீட்டு வரிசை எவ்வளவு நீளம், பிரசவம் நடக்கிறதா, குழந்தைகள் வார்டு இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். மூன்றாம் வருடம் படிக்கிற பிள்ளை ஒன்றைக் கேன்டீனில் பிடித்து, "இதுவரை எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். முழித்தால் புரிந்துகொள்ளுங்கள்.

பெங்களூரு காலேஜில் சீட் வாங்கித் தருகிறேன் என்று வருகிற ஏஜென்ட் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். அங்கே நல்ல காலேஜ்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் அவற்றில் சேர ஏஜென்ட் தேவையில்லை. பணத்தை ரசீது இல்லாமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

விண்ணப்பமும் பணமும்

அரசுக் கல்லூரிகளுக்கும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டுக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு அறிவிப்பு வெளியிடும். பி.எஸ்சி நர்சிங், பி.பார்ம், பிசியோதெரபி போன்ற பட்டப் படிப்புகளுக்கு ஒரே விண்ணப்பம், ஜி.என்.எம் போன்ற டிப்ளமோவுக்குத் தனி அறிவிப்பு. நம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை போட்டு வருகிறார்கள். அந்தந்த வருடத்து விளக்கக் குறிப்பேட்டை வரி விடாமல் வாசியுங்கள், விதிகள் மாறும்.

நீட் எழுதிய பிள்ளைகள் மார்க் குறைவு என்று அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதுச்சேரி ஜிப்மரின் பி.எஸ்சி நர்சிங்குக்கு நீட் மதிப்பெண்தான் கேட்கிறார்கள். ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கும் முதல் வடிகட்டல் நீட்தான். அது திருமணமாகாத பெண்களுக்கான வழி, படித்து முடித்தால் லெப்டினன்ட் பதவி. எய்ம்ஸ் தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது.

கல்விக் கடனுக்கு வித்யா லட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கீகாரம் இல்லாத காலேஜ் என்றால் வங்கி அங்கேயே நிறுத்திவிடும், அதுவும் ஒரு பாதுகாப்புதான். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை ஜூனுக்கு முன்பே வாங்கி வையுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். சிறிய தொகை என்று விடாதீர்கள், ஹாஸ்டல் பிள்ளைக்கு அது பேருந்துக் காசு, புத்தகக் காசு.

படிக்கிற வருடங்கள்

முதல் வருடம் உடற்கூறு, உடலியங்கியல், நர்சிங் அடிப்படை. தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைகள் அனாடமி புத்தகத்தைப் பிரித்ததும் அழுவார்கள். நானும் அழுதேன். எனக்கு உதவியது ஒரு சின்ன வழி: ஒரு நாளைக்குப் பத்து ஆங்கிலச் சொல், அதன் பக்கத்தில் நம் ஊர்ச் சொல். ஆறு மாதத்தில் பயம் போய்விட்டது. அந்த நோட்டு பிற்பாடு வேறு விதத்திலும் உதவியது. ஒரு பாட்டி "அடிவயிறு சுருக்சுருக்குங்குது", "நெஞ்சு கரிக்குது", "கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்று சொன்னால் அதை டாக்டருக்கும் கேஸ் ஷீட்டுக்கும் ஏற்ற சொல்லில் மாற்றுவது நர்ஸின் வேலைதான். நம் பேச்சு தெரிந்த பிள்ளைக்கு அது பெரிய பலம்.

இரண்டாம் வருடத்திலிருந்து வார்டு அதிகமாகும். மனநலம், குழந்தைகள், பிரசவம், சமூக நலம் எல்லாம் வரும். பி.எஸ்சியில் கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப். இந்தக் காலத்தில் செய்யக் கூடாதது ஒன்றுதான்: கையெழுத்துக்காக லாக் புக்கை (செய்து பழகிய வேலைகளைப் பதிகிற நோட்டு) நிரப்புவது. பார்க்காத பிரசவத்தைப் பார்த்ததாக எழுதினால், நாளைக்கு உங்கள் கையில் ஒரு குழந்தை நீலமாக வரும்போது அந்தக் கையெழுத்து உதவாது.

ஒரு நடைமுறை யோசனை. டெமோ நடக்கும்போது எல்லாரும் பின்னால் ஒளிவார்கள், நீங்கள் முன்னால் நில்லுங்கள். சீனியர் சிஸ்டரிடம் போய், "அக்கா, அடுத்த தடவை புண்ணுக்குக் காஜ் துணி மாற்றும்போது என்னையும் கூப்பிடுங்க" என்று கேளுங்கள். கேட்கிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காத நர்ஸை நான் அதிகம் பார்த்ததில்லை.

தேர்ச்சி பெற்றதும் மாநிலக் கவுன்சிலில் நர்ஸாகவும் தாதியாகவும் பதிவு செய்ய வேண்டும். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த கவுன்சில் அது, அலுவலகம் சென்னை சாந்தோம் சாலையில் இருக்கிறது. பதிவு எண் இல்லாமல் நர்ஸாக வேலை பார்க்கக் கூடாது. "முதலில் வேலைக்கு வா, அப்புறம் பதிவு செய்துகொள்ளலாம்" என்று கூப்பிடுகிற இடத்துக்குப் போகாதீர்கள்.

வார்டில் ஒரு காலை

ஏழரைக்கு டூட்டி என்றால் ஏழே காலுக்கு வார்டில் இருங்கள். இரவு பார்த்தவர் கண் எரிச்சலோடு காத்திருப்பார்.

முதல் வேலை ஓவர் எடுப்பது, அதாவது முந்தைய ஷிஃப்ட் நர்ஸிடமிருந்து நோயாளிகளின் பொறுப்பை வாங்குவது. டேபிளில் உட்கார்ந்து எடுக்காதீர்கள், ஒவ்வொரு பெட்டுக்கும் நடந்து போய் எடுங்கள். டிரிப்ஸ் எவ்வளவு மீதி, ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, யூரோ பேக்கில் (சிறுநீர்ப் பை) எவ்வளவு, காயத்துக்குப் போட்ட கட்டு ரத்தத்தில் நனைந்திருக்கிறதா, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து வாங்குங்கள். யாருக்கு ஒவ்வாமை, யாருக்கு இன்று ஆபரேஷன், யார் பட்டினியாக இருக்க வேண்டும் என்று உங்கள் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவசர டிராலியைத் திறந்து ஆக்சிஜன், அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற பை), அட்ரினலின் (அவசர ஊசி மருந்து), சக்ஷன் (சளி உறிஞ்சும் கருவி) இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அப்புறம் வைட்டல்ஸ், அதாவது நாடி, மூச்சு, பி.பி, காய்ச்சல் போன்ற அடிப்படை அளவுகள். பெரியவர்களுக்கு நாடி 60 முதல் 100, மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20, ஆக்சிஜன் அளவு பொதுவாக 95க்கு மேல். எண்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் மூச்சை மட்டும் யாரும் எண்ணுவதில்லை. எந்த வார்டிலும் பழைய சார்ட்டை எடுத்துப் பாருங்கள், வரிசையாக 20, 20, 20 என்று இருக்கும். நாடி பிடிப்பதுபோலக் கையை வைத்துக்கொண்டே, ஒரு முழு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். உடம்பு மோசமாகப் போகிறது என்பதைப் பல நேரம் முதலில் சொல்வது மூச்சுதான், பி.பி பிற்பாடுதான் இறங்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். குடல் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், அறுபது வயதுப் பெரியவர். பி.பி சரியாக இருந்தது, காய்ச்சல் இல்லை. போர்வையை மட்டும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். "என்னவோ மாதிரி இருக்கும்மா" என்றார். எண்ணிப் பார்த்தேன், மூச்சு 32. டாக்டரைக் கூப்பிட்டேன். உள்ளே தையல் விட்டிருந்தது, அன்று இரவே மறுபடி தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். பதினெட்டு நாள் கழித்து நடந்து வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து "என்னவோ மாதிரி இருக்கு" என்று ஒரு நோயாளி சொன்னால் நான் கையில் இருக்கிற வேலையை வைத்துவிடுவேன்.

டாக்டரை ஃபோனில் கூப்பிடுவதும் ஒரு திறமை. "பேஷன்ட் நல்லா இல்ல டாக்டர்" என்றால் தூக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "டாக்டர், பெண்கள் சர்ஜரி வார்டிலிருந்து பேசுகிறேன். 12ஆம் பெட், நேற்று குடல்வால் ஆபரேஷன் ஆனவர். ஒரு மணி நேரமாக பல்ஸ் 124, பி.பி 90க்கு 60. மூன்று மணி நேரத்தில் யூரின் 40 மில்லிதான். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்." ஃபோனை எடுப்பதற்கு முன் கேஸ் ஷீட் கையில் இருக்கட்டும். பேசிய நேரத்தையும் அவர் சொன்னதையும் உடனே எழுதுங்கள்.

ரவுண்ட்ஸ் வரும்போது கூடவே நடங்கள். டாக்டர் போனதும் நோயாளி உங்களைத்தான் பார்ப்பார்: "என்ன சொன்னாங்க சிஸ்டர்?" அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுத்துவிட்டு நகருங்கள். மருந்து, காஜ், ரத்தம் எடுப்பது, ஸ்கேனுக்கு அனுப்புவது, டிஸ்சார்ஜ், புது அட்மிஷன் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். நகர முடியாமல் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வேலை நெருக்கடியில் முதலில் விட்டுப்போவது இதுதான், அதனால்தான் படுக்கைப்புண் வருகிறது.

செய்ததை எல்லாம் எழுதுங்கள், செய்த நேரத்திலேயே எழுதுங்கள். டூட்டி முடியும்போது மொத்தமாக எழுத உட்கார்ந்தால் நேரமும் எண்ணும் குழம்பும். நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் எழுதாத வேலை செய்யாத வேலையாகவே பார்க்கப்படும்.

மருந்து கையில் இருக்கும்போது

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். பாடத்தில் படித்ததுதான். நோயாளியிடம் "நீங்கதான் லட்சுமியா?" என்று கேட்காதீர்கள். அரைத் தூக்கத்தில் யாரும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். "உங்க பேர் சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள், கை பட்டையில் இருக்கிற எண்ணையும் பாருங்கள்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிற சில இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

டிரிப்ஸ் கணக்கு: மில்லி அளவைத் துளி எண்ணால் பெருக்கி, நிமிடத்தால் வகுக்க வேண்டும். சாதாரண செட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 20 துளி, மைக்ரோ செட்டில் 60. உறையில் அச்சிட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். 500 மில்லி நான்கு மணி நேரத்தில் போக வேண்டும் என்றால் 500ஐ 20ஆல் பெருக்கி 240ஆல் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 42 துளி.

இன்சுலின்: நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்து கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். சர்க்கரை தரைக்கு இறங்கிவிடும். குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே இழுங்கள், இன்னொரு நர்ஸிடமும் காட்டுங்கள்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை (உடைத்துத் திறக்கிற சின்ன மருந்துக் குப்பி) எந்தச் சூழ்நிலையிலும் நேரடியாக நரம்பில் தள்ளக் கூடாது. இதயம் நின்றுவிடும். கலந்து, மெதுவாக மட்டும்தான்.

ரத்தம் ஏற்றும்போது இரண்டு பேர் சேர்ந்து பையையும் சீட்டையும் நோயாளியையும் சரி பார்க்க வேண்டும். முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். குளிர், நடுக்கம், முதுகுவலி, அரிப்பு என்று எது சொன்னாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒரு பை நான்கு மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

தவறு நடந்துவிட்டால் மறைக்காதீர்கள். உடனே சொன்னால் பெரும்பாலும் நோயாளியைக் காப்பாற்றிவிடலாம். திட்டு விழும். அந்தத் திட்டு ஒரு வாரத்தில் மறந்து போகும்.

உங்கள் உடம்பு

கிளினிக்கல் தொடங்கும் முன்பே ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் திட்டமிடுங்கள்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போட முயலாதீர்கள், நேராக வெள்ளைப் பெட்டிக்குள் போடுங்கள். ரத்தம் பட்ட பஞ்சும் காஜும் மஞ்சள் பை, ட்யூபும் கையுறையும் சிவப்பு, கண்ணாடிக் குப்பியும் ஆம்பியூலும் நீலம்.

ஊசி குத்திவிட்டால் விரலைப் பிதுக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இன்சார்ஜிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி தடுப்பு மாத்திரை தேவை என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பயத்திலும் கூச்சத்திலும் சொல்லாமல் வீட்டுக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

தனியாக யாரையும் தூக்காதீர்கள். என் முதுகுவலி இருபத்தைந்து வயதில், யாரையும் கூப்பிடாமல் ஒரு கனமான நோயாளியை நானே இழுத்த அன்று தொடங்கியது. காலுக்கு நல்ல செருப்பு வாங்குங்கள், மற்ற செலவைக் குறைத்தாவது. சிறுநீரை அடக்காதீர்கள். வார்டு நெருக்கடியில் நம் பெண்கள் எல்லாரும் செய்கிற தவறு அது.

முதல் வேலை, சம்பளம், அதற்கு மேல்

தனியார் ஆஸ்பத்திரிகளில் ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் மனம் நோகும் அளவுக்குக் குறைவு. உச்ச நீதிமன்றத்தில் வந்த வழக்கையொட்டி 2016இல் அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு முழுதாக வந்திருந்தால் நான் இந்தப் பத்தியை எழுத வேண்டியிருக்காது. அதேபோல, பொது ஆஸ்பத்திரியில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், போதனா ஆஸ்பத்திரியில் மூன்றுக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் அளவு வைத்திருக்கிறது. வேலைக்குச் சேரும் முன் அங்கே ஒரு ஷிஃப்டில் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். சம்பளத்தைவிட முக்கியமான கேள்வி அது.

ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். நான் முதலில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு நல்ல இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தபோது கேட்டேன், இரண்டு வருடம் முடியவில்லை என்று தர மறுத்துவிட்டார்கள். அந்த வேலை போனது போனதுதான். சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், ஒரிஜினலை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

முதல் இரண்டு வருடம் நோயாளி அதிகம் உள்ள இடத்தில் பொது வார்டில் இருங்கள், அப்புறம் ஐ.சி.யு போங்கள். மாநில அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு, அதில் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. தொகுப்பூதியத்தில் சேர்ந்து நிரந்தரத்துக்காகப் பல வருடம் காத்திருந்தவர்கள் நிறைய, அதையும் தெரிந்துகொண்டே போங்கள். எய்ம்ஸ்களுக்கு நார்செட் தேர்வு. அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். பி.எஸ்சிக்கு அனுபவம் கேட்பதில்லை, ஜி.என்.எம்முக்கு 50 படுக்கை ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவம் வேண்டும்.

வெளிநாடு என்றால், சவூதி, குவைத் போன்ற, வேலைக்குப் போக நம் அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் பொறுப்பை 2015இல் மத்திய அரசு அரசு நிறுவனங்களிடம் கொடுத்தது. நம் மாநிலத்தில் அது சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். முதலில் அங்கே விசாரியுங்கள். பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ் என்கிற ஆங்கிலத் தேர்வில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும், அல்லது ஓ.இ.டி என்கிற மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. அதன் பிறகு கணினித் தேர்வு ஒன்று, செய்முறைத் தேர்வு ஒன்று. அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ் என்கிற நர்ஸ் உரிமத் தேர்வு, அதைச் சென்னையிலேயே எழுதலாம். ஜெர்மனிக்கு முதலில் அந்த மொழி. எந்த நாடாக இருந்தாலும் வார்டு அனுபவக் கடிதத்தை வேலையை விடும் அன்றே வாங்கிவிடுங்கள்.

முதல் நைட் டூட்டி

அன்று மதியம் கட்டாயம் மூன்று மணி நேரம் தூங்குங்கள். பையில் விநாடி முள் உள்ள கடிகாரம், நான்கு பேனா, சின்ன நோட்டு, கத்தரிக்கோல், டார்ச், ஸ்வெட்டர். சாப்பாடு இட்லியோ சப்பாத்தியோ போதும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு இரவு இரண்டு மணிக்குக் கண்ணைத் திறந்து வைக்க முடியாது.

பத்து மணிக்குள் மருந்து முடிந்துவிடும், விளக்கைக் குறைப்பீர்கள், வார்டு அமைதியாகும். அப்போதுதான் உட்காரத் தோன்றும். மணிக்கு ஒரு முறை எழுந்து டார்ச்சோடு ஒரு சுற்று வாருங்கள். வெளிச்சத்தை முகத்தில் அடிக்காமல் நெஞ்சில் அடித்து, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் நம் கண் சொருகும், அந்த நேரத்தில்தான் நோயாளி பலர் தடுமாறி எழுந்து பாத்ரூம் போகப் பார்ப்பார்கள். கட்டில் கம்பியை ஏற்றி வையுங்கள், வயதானவர்களை நீங்களே எழுப்பிக் கூட்டிப் போங்கள். பயமாக இருந்தால் பக்கத்து வார்டு அக்காவைக் கூப்பிடுங்கள். இருபது வருடம் ஆன நானும் இன்னும் கூப்பிடுகிறேன்.

காலையில் ஓவர் கொடுத்துவிட்டுக் கை கழுவி, உடை மாற்றிக் கிளம்பும்போது ஸ்கூட்டியை எடுக்காதீர்கள். முதல் வாரம் நைட் முடித்து வண்டி ஓட்டிப் போய் விழுந்த பிள்ளைகளை நானே எங்கள் கேஷுவாலிட்டியில் பார்த்திருக்கிறேன். பேருந்தில் போங்கள். ஏறியதும் கண்டக்டரிடம் உங்கள் ஸ்டாப்பைச் சொல்லி வையுங்கள், உட்கார்ந்த உடனே தூங்கிவிடுவீர்கள்.